வீப்ரன் டிஸ்க் வாங்கிய கதை

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் வீப்ரன் தெர்ப்ஸ்ட்ரா முதலில் அதைத் திருப்பி முதுகைத்தான் பார்ப்பான். எத்தனை திருகு, என்ன அளவு, உள்ளே போக வழி எது என்று கண் தேடும். புதுக் காப்பி மெஷின் வந்த அன்று அந்தப் படகில் யாருக்கும் காப்பி கிடைக்கவில்லை. மெஷின் சாப்பாட்டு மேஜைமேல் முப்பத்தொரு துண்டாகக் கிடந்தது. ஒருமுறை, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை விடுகிற மதகு திறப்பதற்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தில், மதகுக்காரரோடு பேசுவதற்குக் கரையில் வைத்திருந்த பெட்டியைக் கழற்றப் போய், அவரிடம் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் திட்டு வாங்கினான். பின்னால் நின்ற நான்கு படகுகளும் கேட்டன. அவனுக்கு வெட்கமே இல்லை. "உள்ள தண்ணி இறங்கியிருந்தது, அதான் குரல் கரகரன்னு வந்துச்சு," என்று அன்று சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உனக்கு இருக்குறது ஆர்வம் இல்ல, அரிப்பு," என்பாள் அவன் மனைவி சீட்ஸ்கே.

அவர்களுடைய சரக்குப் படகு எண்பது மீட்டர் நீளம். பெயர் 'மரேய்கே'. அது முந்தைய சொந்தக்காரரின் மனைவி பெயர். வாங்கிப் பத்தொன்பது வருடம் ஆகியும் மாற்றவில்லை. சீட்ஸ்கேக்கு எரிச்சல் வரும்போது படகைச் சக்களத்தி என்று கூப்பிடுவாள். தெற்கே மாஸ் நதியில் ஜல்லி ஏற்றி வடக்கே க்ரோனிங்கன் பக்கம் இறக்குவார்கள். திரும்பும்போது உப்பு, இல்லையென்றால் மாட்டுத் தீவனம். புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிச் சுக்கான் பிடிப்பார்கள். ஒருவர் பிடித்தால் மற்றவர் சமையல், துடைப்பு, தூக்கம். மற்ற குடும்பங்கள் மாதிரி இவர்களுக்கும் வீடு உண்டு. அது வாரம் முழுக்க நகர்ந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

நகர்கிற வீட்டில் வளர்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. ஒரே மகள் நீன்கே ஏழு வயதிலிருந்து ஸ்வொல்லேயில் படகுக்காரர் பிள்ளைகளுக்கான விடுதியில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை படகு எங்கே கட்டியிருக்கிறதோ அங்கே பின்தளத்திலிருந்து காரைச் சின்னக் கிரேனால் கரையில் இறக்கி, வீப்ரன் போய் அவளை அழைத்து வருவான். ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விடுவான். வாரத்தில் இரண்டு நாள் மகள், ஐந்து நாள் ஜல்லி. எட்டு வருடமாக இந்தக் கணக்கில் ஒரு பிசகும் வந்ததில்லை.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, விடுதி வாசலில் காரை விட்டு இறங்கும்போது நீன்கே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"அப்பா, இதுல ஒரு கையெழுத்து வேணும். மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும்."

வாரக்கடைசியிலும் விடுதியிலேயே தங்கிக்கொள்ள அனுமதி கேட்கும் ஃபாரம். கோடை விடுமுறை வரைக்கும்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. படகுல எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க? கேம் கன்சோல் ரொம்பி வழியுது. ஒரு கேம் ஏத்தணும்னா ரெண்டை அழிக்கணும். நம்ம இன்டர்நெட்டுல அது இறங்குறதுக்குள்ள சனிக்கிழமை போயிடுது. இந்த வாரம் நான் விளையாண்டது நாப்பது நிமிஷம். மீதி நேரம் ஒரு கோடு நகர்றதையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். இங்கன்னா லைன் வேகம், ஆளுங்க இருக்காங்க."

மகள் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னால் எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு கனக்கும். வீப்ரனுக்கும் கனத்தது. ஆனால் இடம் போதவில்லை என்று அவள் சொன்னாள் பாருங்கள், அதைக் கேட்டதும் பாதி கனம் இறங்கிவிட்டது. இடம் போதாமைதான் அவனுடைய தொழிலே. எவ்வளவு சரக்கு, எவ்வளவு கொள்ளளவு, எங்கே எதை வைப்பது என்று இருபது வருடம் பார்த்தவன். இது தீர்க்கக்கூடிய வியாதி என்று முடிவு கட்டிக்கொண்டான். 'ஆளுங்க இருக்காங்க' என்று கடைசியில் சொன்னது அவன் காதில் விழவே இல்லை.

"கையெழுத்து போடுறேன். ஆனா மாசக் கடைசி வரைக்கும் எனக்கு டைம் குடு. மூணு வாரம் இருக்கே," என்றான்.

நீன்கே தோளைக் குலுக்கி, தாளை அவனிடமே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை சுக்கானில் உட்கார்ந்தபடியே விசாரணையைத் தொடங்கினான். அந்த ஆற்றில் ஓடுகிற படகுக்காரர்கள் ஊர்ச் சங்கதி பேசுவதற்கென்று ரேடியோவில் எழுபத்தேழாம் சேனல் உண்டு. எந்தக் கரையில் நல்ல பொரித்த மீன் கிடைக்கும், யார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், எல்லாம் அதில்தான். வீப்ரன் மைக்கை எடுத்தான்.

"மரேய்கேயிலிருந்து வீப்ரன். யாராவது வீடியோ கேம் கன்சோலுக்கு வெளி டிஸ்க் போட்டிருக்கீங்களா? எது வாங்கலாம்?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்த டுர்க் என்ற கிழட்டுப் பிரம்மச்சாரியின் குரல்.

"நாலு டிபி வாங்குப்பா. நான் போட்டிருக்கேன். சாகுற வரைக்கும் ஆடினாலும் ரொம்பாது."

"டுர்க், நீ கேம் ஆடுவியா?"

"பின்ன, ராத்திரியெல்லாம் உன்ன நினைச்சுட்டா படுத்திருப்பேன்?"

இடையில் ஒரு பெண் குரல் புகுந்தது. எண்ணெய்ப் படகு ஓட்டுகிற ஹில்யே. "முதல்ல இவன்கிட்ட சுத்துற டிஸ்க்கா, சுத்தாத டிஸ்க்கான்னு கேளுங்கய்யா."

அவ்வளவுதான், வீப்ரனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "சுத்துறதுன்னா? உள்ள என்ன சுத்துது?"

அந்த வாரம் முழுக்க அவன் வேறு எதுவும் பேசவில்லை. ஒன்று, உள்ளே தட்டு சுழல்கிற ஹார்ட் டிஸ்க். விலை குறைவு, இடம் ஏராளம், வேகம் மட்டு. மற்றது எஸ்.எஸ்.டி.; உள்ளே ஒன்றுமே அசையாது, வேகம் அதிகம், அதே விலைக்குக் கால்வாசி இடம்தான். பெரிய டிஸ்க்குகளில் சிலதுக்குத் தனியாக மின்சாரம் வேண்டும். சின்னது கன்சோலிலிருந்தே இழுத்துக்கொள்ளும். எதைச் செருகினாலும் கன்சோல் முதலில் அதைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் தன் பாணியில் அடுக்கும். ஆகவே கல்யாண போட்டோ இருக்கிற டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் செருகக்கூடாது. உருளைக்கிழங்கு மசிக்கிற சீட்ஸ்கேயிடம் இதையெல்லாம் சொன்னான்.

"நம்ம கல்யாண போட்டோ எந்த டிஸ்க்குலயும் இல்ல, வீப்ரன். அதை எடுத்த கேமராவை நீ கழட்டிப் பார்த்தே," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை நீன்கே காரில் ஏறினாள். பெல்ட் போடுவதற்கு முன்பே கேட்டாள்.

"எழுபத்தேழுல கேட்டீங்களாமே?"

"உனக்கு யார் சொன்னா?"

"ஹாஸ்டல்ல பாதிப் பேரோட அப்பா அம்மா அந்தச் சேனல்லதான் கெடக்காங்க. புதன்கிழமை சாப்பிட உக்காந்தா, எதிர்ல இருக்குறவன் 'நீன்கே, நாலு டிபியா ரெண்டு டிபியா, முடிவாச்சா'ங்குறான். மேஜையே சிரிக்குது."

"நாலுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது சிவந்திருந்தது. வீப்ரன் அதைப் பார்த்தான். சூடு போல என்று ஏசியைக் கூட்டினான்.

சனிக்கிழமை நாலு டிபி சுழலும் டிஸ்க்கை வாங்கி வந்தான். இந்தப் படகு ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படகுக்குள் புதிதாக எது வந்தாலும் முதலில் அதைத் திருகி இறுக்கிவிடுவார்கள். டிவி, மீன் தொட்டி, சாவி மாட்டுகிற கொக்கி, மேஜைமேல் இருக்கிற பூச்சாடி, எல்லாவற்றுக்கும் திருகு. கரையில் எங்காவது விருந்துக்குப் போனால், அலமாரியில் சும்மா நிற்கிற கண்ணாடிச் சாமான்களைப் பார்த்து இவர்களுக்குக் கை பதறும். வீப்ரன் டிஸ்க்குக்காக இரும்பில் ஒரு தாங்கியே செய்தான். கன்சோலுக்குப் பின்னால் சுவரோடு போகிற இரும்புச் சட்டத்தில், அதாவது படகின் விலாவில், அதைப் பற்றவைத்து, நாலு போல்ட் போட்டு முடுக்கினான். இழுத்துப் பார்த்தான். படகு கவிழ்ந்தாலும் டிஸ்க் அசையாது. அந்த வேலையில் ஞாயிறு மதியம் ஆகிவிட்டது. நீன்கே முன்பக்கத்தில் அவளுடைய அறையில் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை பாரு," என்றான் விடுதி வாசலில்.

திட்டம் என்னவென்றால், வாரம் முழுக்கக் கன்சோலை அணைக்காமல் வைத்து, படகு போகப் போக வழியில் கிடைக்கிற சிக்னலில் அவள் கேட்ட பெரிய கேமை இறக்குவது. நூற்றுப்பத்து ஜிபி. பாலத்துக்கு அடியில் போனால் நிற்கும், வெட்டவெளி வந்தால் ஓடும். சுக்கானைச் சீட்ஸ்கேயிடம் கொடுத்துவிட்டு மணிக்கொரு தரம் ஓடிப்போய்ப் பார்ப்பான். செவ்வாய்க்கிழமை முப்பது சதவீதம். புதன்கிழமை ஐம்பத்தெட்டு. பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொல்வது போல் வந்து சொல்வான்.

வியாழக்கிழமை காலை எண்பத்தொன்பதில் ஒரு சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டிக், டிக். திரையில், இந்தச் சேமிப்பைப் பயன்படுத்த முடியவில்லை என்று வந்தது. அணைத்துப் போட்டான். வயரை மாற்றினான். டிக், டிக்.

வெள்ளிக்கிழமை மகளிடம் காரிலேயே உண்மையைச் சொன்னான். அவள் திட்டியிருந்தால் தேவலை. "சரிப்பா," என்றாள். அந்த ஒற்றைச் சொல் அவனை என்னவோ செய்தது. இன்னும் ஒரே ஒரு வாரக்கடைசிதான் பாக்கி என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சனிக்கிழமை காலை செத்த டிஸ்க்கைச் சாப்பாட்டு மேஜையில் பிளந்தான். துக்கமெல்லாம் மூடி திறக்கிற வரைக்கும்தான். உள்ளே இரண்டு தட்டுகள், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. அவற்றின் இடுக்கில் ஒரு மெல்லிய கை. அந்தக் கை தட்டைத் தொடாமல், தொட்டும் தொடாமலும் இருக்கிற காற்றின்மேல் மிதந்தபடி படிக்கிறது. தொட்டால் கீறல். ஒரு தட்டில், ஓரமாக, வட்டமாக ஒரு கீறல் இருந்தது. யார் தொடவைத்தார்கள்? வீப்ரன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். படகு கட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. அவன் தாங்கியைப் பற்றவைத்த அந்த விலா நேராகக் கீழே எஞ்சின் மேடைக்குப் போகிறது. வாரம் முழுக்க எஞ்சினின் உதறல் அத்தனையையும் நாலு போல்ட் வழியாக அந்த மெல்லிய கைக்கு அவனே ஊட்டியிருக்கிறான். ஒரு தலையணைமேல் சும்மா போட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

நீன்கே தண்ணீர் குடிக்க வந்தவள் மேஜையருகே நின்றாள். தட்டில் தன் முகத்தைப் பார்த்தாள்.

"அழகா இருக்கு," என்றாள்.

"அந்தக் கையைப் பாரு, அது தட்டைத் தொடவே..." என்று அவன் தொடங்கி, திருப்புளியைத் தேடிக் குனிந்து நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை எஞ்சின் ஓடத் தொடங்கியதும், விளிம்பு வரை காப்பி ஊற்றிய ஒரு கோப்பையோடு வீப்ரன் படகு முழுக்க நடந்தான். பத்தடிக்கு ஒருமுறை கோப்பையைக் கீழே வைத்து, குந்தி உட்கார்ந்து, காப்பியின் மேல் எத்தனை வளையம் நெளிகிறது என்று எண்ணி, சாக்குக்கட்டியால் தரையில் எழுதினான். கன்சோல் இருக்கிற வரவேற்பறையில் காப்பி கொதிப்பதுபோல் நடுங்கியது. நடுத்தளத்தில் ஐந்து வளையம். கடைசியில், எஞ்சினிலிருந்து எழுபது மீட்டர் தள்ளி, படகின் மூக்கில் இருக்கிற நீன்கேயின் அறையில் கோப்பையை வைத்தான். காப்பியில் கூரை விளக்கு அசையாமல் தெரிந்தது.

ஓட்டமும் நடையுமாகச் சுக்கானறைக்கு வந்தான். "கண்டுபிடிச்சுட்டேன். கன்சோலை அவ ரூமுக்கே மாத்திடலாம். சுத்துற டிஸ்க்கே போதும்."

சீட்ஸ்கே ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அவ வெள்ளிக்கிழமை வருவா. நேரா எழுபது மீட்டர் முன்னாடி போயிக் கதவைச் சாத்திக்குவா. ஞாயித்துக்கிழமை கதவைத் திறப்பா. நீ பின்னாடி உக்காந்து காப்பியில வளையம் எண்ணிட்டிருப்பே. இதுக்குத்தான் அவளைக் கூப்பிடுறியா?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் சீட்ஸ்கே என்ற இந்த ஒரு பெட்டியை மட்டும் வீப்ரனால் கழற்றிப் பார்க்க முடிந்ததில்லை. அது தானாகத் திறந்து ஒன்று சொல்லும், சொன்னது சரியாக இருக்கும். கன்சோல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை விடுதிக்குப் போகும் வழியில் ஸ்வொல்லேயில் கடைக்குப் போனான். விற்பனைப் பெண் பொறுமைசாலி. நான்கு எஸ்.எஸ்.டி.களைக் காட்டினாள்.

"இது உதறலுக்குத் தாங்குமா?"

"கீழ விழுந்தாலே தாங்கும் சார்."

"விழறது வேற, உதறல் வேற. ஆயிரம் குதிரைசக்தி டீசல் எஞ்சின், பக்கத்துலயே."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கன்சோலை எங்க சார் வெச்சிருக்கீங்க?"

முழுக் கதையையும் கேட்டுவிட்டு, எல்லாவற்றிலும் சின்னதை எடுத்துக் கொடுத்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு டிபி. உள்ளே அசைகிற பொருள் கிடையாது; பழைய கன்சோலுக்கு இதைவிட வேகமானது வாங்கினால் வீண், கன்சோலின் வாய் அதற்குமேல் விழுங்காது என்றாள். இந்தக் கடைசி விஷயம் வீப்ரனுக்கு மிகவும் பிடித்துப்போனது. எவ்வளவு விழுங்கும் என்று அளந்து பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே கை அரித்தது.

சனிக்கிழமை. ஸ்வார்ட்ஸ்லைஸ் கரையில் படகு கட்டியிருந்தது. காலையிலேயே செருகினான். கன்சோல் அழிக்கவா என்று கேட்டது, ஆம் என்றான். உள்ளே இருந்த கேம்களில் மூன்றை அதற்கு நகர்த்தினான். ஒரு கேமைத் திறந்து, முதல் காட்சி வரும்வரை கைக்கடிகாரத்தில் வினாடி பார்த்தான். கன்சோலின் சொந்த டிஸ்க்கிலிருந்து எண்பத்தொரு வினாடி. புதியதிலிருந்து முப்பத்தாறு! ஆஹா என்று கத்திவிட்டான். கைக்கு எட்டிய தாளில் எழுதிக்கொண்டான். ஒரு அளவை நம்பலாமா? கூடாது. மறுபடி. இன்னொரு கேம். எஞ்சின் அணைந்திருக்கும்போது, ஜெனரேட்டர் ஓடும்போது.

நீன்கே சோபாவின் மறுமுனையில் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு, "விளையாடட்டுமா?" என்றாள். "இதோ, ரெண்டே ரெண்டு அளவு," என்றான். பதினொன்றரைக்கு மறுபடி கேட்டாள். "கடைசி ஒண்ணு," என்றான்.

பன்னிரண்டு மணிக்கு அவள் எழுந்து வந்து, அவன் எழுதிக்கொண்டிருந்த தாளை உருவினாள். ஒரு நிமிடம் எண்களைப் பார்த்தாள். திருப்பினாள்.

"அப்பா. இது என் ஃபாரம்."

வீப்ரன் அசடு வழிந்தான். "கையில கிடைச்சதுல எழுதிட்டேன்மா..."

"திங்கக்கிழமை கடைசி நாள். நான் வரணுமா வேணாமான்னு இருக்குற தாளு. அது பின்னாடி வினாடி எழுதி வெச்சிருக்கீங்க."

"நீ வரணும்னுதானே இவ்வளவும் பண்றேன்! இடம் பத்தலன்னு நீதானே சொன்னே?"

"இடமும்தான் பத்தல." அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டாவது கன்ட்ரோலர் எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"டிராயர்ல. டிசம்பர்ல கழட்டிப் பார்த்தேனே. உள்ள ரெண்டு குட்டி மோட்டார் இருக்கு."

"பார்த்தீங்களா. மோட்டார் இருக்குறது தெரியும். அதைக் கையில பிடிச்சு என்கூட ஒரு தடவை விளையாண்டது கிடையாது. டிசம்பர்ல கேட்டேன். ஈஸ்டருக்குக் கேட்டேன். இதோ வர்றேன், இதோ வர்றேன். ஹாஸ்டல்லயும் சில நேரம் லோட் ஆக நேரமாகுதுப்பா. ஆனா அதுவரைக்கும் பக்கத்துல ஒருத்தி உக்காந்து என்கூட வம்பளந்துட்டிருப்பா. இங்க முப்பத்தாறு வினாடியில லோட் ஆனாலும், ஆனதுக்கப்புறம் நான் தனியாத்தான் உக்காந்திருக்கேன்."

அடுப்பருகே சீட்ஸ்கே பட்டாணிச் சூப்பைக் கிண்டுவதை நிறுத்தியிருந்தாள்.

மூன்று வாரமாக வீப்ரன் இந்த வீட்டில் எதைச் சரிசெய்கிறோம் என்றே தெரியாமல் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது, நிஜமான வெட்கம். மதகுக்காரர் ஊர் கேட்கத் திட்டியபோது வராதது. கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தான். டிராயரைத் திறந்து இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வந்து சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எதை அமுக்கணும்?" என்றான்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு சோபாவை மலை உச்சியில் இருக்கிற வீட்டுக்குத் தூக்கிப்போகிற விளையாட்டு அது. ஆளுக்கு ஒரு முனை. எண்பது மீட்டர்ப் படகை இரண்டு பக்கமும் கையகலம் விட்டு மதகுக்குள் நுழைக்கிற மனுஷன், அந்தச் சோபாவை ஒரு வேலிப்படல் வழியாகக் கொண்டுபோக முடியாமல் ஆறு தடவை பள்ளத்தில் போட்டான்.

"இடது பக்கம்! இடதுப்பா! உங்க லைசென்ஸை யாரு குடுத்தா?"

"இந்தச் சுக்கான் சரியில்ல."

"கன்ட்ரோலரைக் கழட்டிப் பார்த்தவர் நீங்கதானே, ஒரு திருகு மிஞ்சியிருக்கும்," என்று அடுப்பருகிலிருந்து சீட்ஸ்கே.

பாதி மலையில் சோபா திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. நீன்கே திரையில் தேடினாள். அப்பாவின் ஆள் சோபாவை விட்டுவிட்டு, பாதை ஓரத்துக் காற்றாலையை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

"எங்க போறீங்க?"

"இறக்கை சுத்துதே, பின்னாடி என்ன இருக்குன்னு..."

"ஐயோ, அது சும்மா படம்ப்பா! அங்க ஒண்ணும் கிடையாது!"

ஆள் காற்றாலையைச் சுற்றிப் போனான். பின்னால் ஒரு கதவு இருந்தது. இடித்தான். திறந்தது. உள்ளே பற்சக்கரங்கள், பெரிய பெரிய மரச் சக்கரங்கள், அவற்றின் நடுவே ஆளை மேலே தூக்கிப் போகிற ஒரு மரப்பலகை. நேராக மலை உச்சிக்கு.

நீன்கே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். "நாப்பது மணி நேரம் ஆடியிருக்கேன் இதை. ஹாஸ்டல்ல யாருக்குமே தெரியாது இது." பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருடமாவது இருக்கும் என்று வீப்ரனுக்குத் தோன்றியது. சூப் ஆறிப்போனது. யாரும் கவலைப்படவில்லை.

ஞாயிறு சாயங்காலம் விடுதி வாசலில் காரை நிறுத்தினான். வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னான்.

"அந்த ஃபாரத்தைக் கெடுத்துட்டேன். ஆபீஸ்ல புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா. இங்கயே கையெழுத்து போட்டுடுறேன். நீ வரலைன்னா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா முடிவு உன்னோடது."

நீன்கே கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். பிறகு பையின் முன்பக்க ஜிப்பைத் திறந்து காட்டினாள். உள்ளே அந்தச் சின்ன டிஸ்க்.

"இதை எடுத்துட்டு வந்துட்டேன். எங்க ஹாஸ்டல் ஹால்ல இருக்குறதும் அதே மாடல் கன்சோல்தான். என் பேர்ல லாகின் பண்ணா இந்த டிஸ்க் அதுலயும் வேலை செய்யும். இங்க லைன் வேகம். நூறு ஜிபின்னா சாப்பிட்டு வர்றதுக்குள்ள ஏறிடும். வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வந்து படகுல செருக வேண்டியதுதான்."

வீப்ரன் அவளையே பார்த்தான். மூன்று வாரம் படித்தது, அளந்தது, காப்பியோடு நடந்தது எல்லாம் கண்முன்னால் வந்துபோயின. "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே!"

"டுர்க் மாமாவைக் கேட்டீங்க. ஹில்யே அத்தையைக் கேட்டீங்க. ஆறு முழுக்கக் கேட்டீங்க. என்னை எங்கப்பா கேட்டீங்க?"

அவள் இறங்கி, பையைத் தோளில் மாட்டி, கதவைச் சாத்தப் போனவள் குனிந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஃபாரம் வேணாம். சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்கு உங்களுக்கு எது ஏத்திட்டு வரட்டும்? படகு ஓட்டுற கேம் ஒண்ணு இருக்கு."

"அது வேணாம்மா, வாரத்துல அஞ்சு நாளும் அதுதான்." கார் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னான். "ரெண்டு பேர் ஆடுறது எதுவா இருந்தாலும் சரி."